பழிக்குப் பழி தொடங்குமுன்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்றதும் நமக்குப் பள்ளிக்கூடமும் கடைவளாகமும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே சுட்டுக் கொல்லப்படுகிறவர்களில் அப்படிச் சாகிறவர்கள் மிகக் குறைவு. முன்பகை, வாய்த்தகராறு என்று தெருமுனையிலும் வீட்டு வாசலிலும் போகும் உயிர்களே அதிகம். அந்தச் செய்தி நம்மை வந்து சேர்வதில்லை.

மேரிலாந்து மாநிலத்து பால்டிமோர், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத ஊர். 2015 முதல் 2022 வரை ஆண்டுதோறும் 300-க்கு மேல் கொலைகள். 2024-இல் அது 201 ஆனது. நாடு முழுக்கவே அப்போது கொலைகள் குறைந்தன, உண்மைதான். ஆனாலும் அந்த ஊர் செய்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுடுகிறவர்களும் சுடப்படுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே சிறு வட்டத்து இளைஞர்கள். அவர்கள் யாரென்று கண்டறிந்து, மேயரின் கடிதத்தை நேரில் போய்க் கையில் கொடுக்கிறார்கள். வேலை, படிப்பு, மனநலச் சிகிச்சை எது வேண்டுமானாலும் உதவுகிறோம், மறுபடி துப்பாக்கியைத் தூக்கினால் வழக்கு நிச்சயம் என்பதே அதன் சாரம். 2007 முதல் ‘சேஃப் ஸ்ட்ரீட்ஸ்’ திட்டத்தில் ஆயுதம் இல்லாத தெருப் பணியாளர்களும் உண்டு. அதே தெருவில் வளர்ந்தவர்கள், பலர் சிறை கண்டவர்கள். அதனால்தான் அவர்கள் பேச்சு எடுபடுகிறது.

குண்டடிபட்டவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பான். தாழ்வாரத்தில் அண்ணன் தம்பிகள், கூட்டாளிகள். “எவன் செஞ்சான்?” என்று பேச்சு கிளம்பும். அடுத்த கொலைக்கு நாள் குறிக்கப்படுவது அங்கேதான். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆத்திரத்தை ஆற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளமும் வேண்டும்.

இத்தகைய பணிக்கென்று 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் நீதித்துறை பல அமைப்புகளின் மானியத்தைப் பாதியிலேயே ரத்து செய்தது. நம்பிக்கையைச் சம்பாதிக்க ஆண்டுக்கணக்காகும் வேலையில் இப்படிக் கைவிடுவது பெருந்தவறு.

அமெரிக்காவில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காப்பீடு இல்லை, குடியுரிமை இல்லை என்று அவசரப் பிரிவு திருப்பி அனுப்பக் கூடாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் இழப்பீட்டு நிதி இருக்கிறது. மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், ஈமச் செலவு ஆகியவற்றுக்குக் கேட்கலாம். உச்சவரம்பும் காலக்கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் தன்னையோ பிறரையோ சுடப்போவதாக மிரட்டினால், மேரிலாந்தில் 2018 முதல் குடும்பத்தாரே நீதிமன்றத்தில் மனுப்போட்டு அதைத் தற்காலிகமாகப் பறிக்க வைக்கலாம்.

இழப்பீட்டு நிதி தானாக வீடு தேடி வராது. போலீஸ் புகார் எண், ஆஸ்பத்திரி பில், சம்பளச் சீட்டு மூன்றையும் முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள். மனுவை மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.