மலையடிவாரத்தில் பிறந்தவர் 26 வயதில் அலைச்சறுக்கு கற்கலாமா? முதல் பாடமே விழுவதுதான்

போடிநாயக்கனூரில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் இரண்டே நினைவுகள். ஒன்று, பள்ளிச் சுற்றுலாவில் கன்னியாகுமரியில் பார்த்த சூரிய உதயம். இன்னொன்று, எங்கள் தெரு அண்ணன் ஒருவர். கொட்டகுடி ஆற்றிலும் தோட்டத்துக் கிணற்றிலும் அவரளவுக்கு நீந்த ஆள் கிடையாது. நண்பர்களோடு கடற்கரைக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. "நல்லா நீந்துற பய, எப்படிப் போனான்?" என்று தெருவே கேட்டது. யாரிடமும் பதில் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான்: கடலுக்குப் போனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது.

அந்தச் சட்டத்தை 26 வயதில் மீறினேன். சென்னையிலிருந்து சுமார் 40 கி.மீ. தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளத்தில் அலைச்சறுக்கு வகுப்பில் சேர்ந்தேன். போனில் சொன்னதும் அப்பத்தா கேட்ட கேள்வி: "ஏண்டி, ஏலக்காட்டுல ஏறுன குடும்பத்துக்கு அலையில என்னடி வேலை?"

நியாயமான கேள்விதான். கடலே இல்லாத மாவட்டத்தில் பிறந்து, வளர்ந்த பிறகு இதைக் கற்க முடியுமா? எது கஷ்டம்? எது ஆபத்து?

தமிழ்நாட்டில் அலைச்சறுக்கு எப்போது வந்தது?

'சர்ஃபிங்' என்றதும் ஹவாய், ஆஸ்திரேலியா என்றுதான் தோன்றும். ஆனால் கோவளத்தில் இதை வளர்த்தவர் ஒரு மீனவர். மூர்த்தி மேகவன் என்ற அவர், 2012-ல் கோவ்லாங் பாயிண்ட் அலைச்சறுக்குப் பள்ளி உருவாகக் காரணமாக இருந்தார். புகையும் குடியும் கூடாது, படிப்பை விடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஊர்ப் பிள்ளைகள் அலையேறக் கற்றார்கள். அவர்களில் பலர் இன்று பயிற்சியாளர்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அலைச்சறுக்கு முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் வெண்கலம் வென்ற ரமேஷ் புதிஹால், அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர்.

முதல் நாள் என்ன சொல்லித் தருவார்கள்?

தண்ணீருக்குள் உடனே விட மாட்டார்கள். முதல் அரைமணி நேரம் மணலில்தான். புதியவர்களுக்குத் தருவது எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேலே மெத்தென்ற ஃபோம் வைத்த பலகை. நீளமும் அகலமும் கூடக் கூடப் பலகை ஆடாமல் மிதக்கும். அதை 'லீஷ்' என்ற கயிறு உங்கள் கணுக்காலோடு கட்டியிருக்கும். விழுந்தாலும் பலகை தொலைந்து போகாது.

பலகையில் குப்புறப் படுக்க வேண்டும். இரு கைகளாலும் மாறி மாறித் துடுப்புப் போட வேண்டும். அலை பின்னாலிருந்து தள்ளுவது தெரிந்ததும், உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே மூச்சில் இரண்டு கால்களையும் உடம்புக்கடியில் கொண்டுவந்து பக்கவாட்டில் நிற்க வேண்டும். மணலில் இருபது முறை செய்தேன். இருபதும் சரி. தண்ணீரில் முதல் பத்தும் குப்புற.

அதனால்தான் எழுவதற்கு முன்பே விழச் சொல்லித் தருகிறார்கள். தலைகுப்புறப் பாயக் கூடாது; அடியில் இருப்பது முழங்கால் ஆழ மணலாக இருக்கலாம். பலகையை விட்டு விலகி, பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ உடம்பைப் பரப்பி விழ வேண்டும். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவில் பலகையைக் குறுக்கே பிடிக்கவே கூடாது. அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும்.

வயது ஒரு தடையா?

சின்னப் பிள்ளைகள் வேகமாகக் கற்கிறார்கள் என்பது உண்மை. எடை குறைவு, உடம்பு வளையும், விழப் பயமில்லை. நமக்கு முதலில் சோர்வது கால் அல்ல, தோள். நிற்கும் நேரம் சில விநாடிதான். மீதியெல்லாம் கையால் துழாவுவதும் பலகையை இழுத்துக்கொண்டு நடப்பதும். வகுப்புக்கு ஒரு மாதம் முன்பே தண்டால், உட்கார்ந்து எழும் பயிற்சி, நீச்சல் ஆகியவற்றைத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

பெரியவர்கள் செய்யும் பெரிய தவறு, பயத்தில் கீழே பார்ப்பது. காலைப் பார்த்தால் தலை சாயும், தலை சாய்ந்தால் உடம்பும் சாயும். "அக்கா, கரையப் பாருங்க. பலகைய நான் பாத்துக்கிறேன்" என்றார் என்னைவிட ஐந்து வயது சின்னவரான பயிற்சியாளர். "இடுப்ப வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க."

இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. போடியிலிருந்து ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர் அப்பத்தா. மழைக்காலத்தில் சரிவில் இறங்கும்போது எனக்குச் சொன்னதும் இதேதான்: "முட்டிய மடக்கி நட. காலப் பாக்காத, போற எடத்தப் பாரு." அடுத்த அலையில் நின்றேன். நான்கு விநாடி இருக்கும்.

நீச்சல் தெரிய வேண்டுமா?

இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் பயிற்சியாளர் இருக்க, நீந்தத் தெரியாதவர்களும் முதல் வகுப்பை முடிக்கிறார்கள். ஆனால் தொடர்ந்து கற்க நீச்சல் கட்டாயம் வேண்டும். கிணற்று நீச்சல் மட்டும் போதாது. கிணற்றுத் தண்ணீர் நகராது. கடல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் எங்கள் தெருவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. கரையில் வந்து குவியும் அலைநீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். சில இடங்களில் அது ஒரு குறுகிய வாய்க்கால்போல் சேர்ந்து வேகமாக உள்ளே ஓடும். இதை 'ரிப் கரண்ட்', அதாவது இழுப்பு நீரோட்டம் என்கிறார்கள். வேகம் கூடும்போது, ஒலிம்பிக் வீரர்கூட அதை எதிர்த்து நீந்த முடியாது.

கொடுமை என்னவென்றால், பார்க்க அந்த இடம்தான் அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கலங்கலாகவோ கருமையாகவோ தெரியும். 'இங்க அலை இல்ல, இங்கயே குளிப்போம்' என்று வெளியூர்க்காரர்கள் இறங்குவது அங்கேதான்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

இந்த நீரோட்டம் ஆளை அடியில் இழுக்காது, கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவோம். மூழ்க வைப்பது அந்தக் களைப்புதான். எனவே:

• பதறாமல் மிதக்க வேண்டும்.
• கரைக்கு நேராக அல்லாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் அலை உடையும் பக்கமாகச் சாய்வாகக் கரைக்கு வர வேண்டும்.
• முடியாவிட்டால் மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.
• கரையில் இருப்பவர்கள் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு, உயிர்காப்பாளரையோ மீனவர்களையோ அழைக்க வேண்டும்.

எப்போது போகலாம்?

கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் கடலைக் கலக்கும். புதியவர்கள் அப்போது தவிர்ப்பது நல்லது. காற்று குறைவாக இருக்கும் அதிகாலையே கற்க ஏற்ற நேரம். எந்த மாதமானாலும், இன்று இறங்கலாமா என்பதைப் பயிற்சியாளர் சொல்லட்டும். 'வேண்டாம்' என்றால் பணம் கட்டிவிட்டோமே என்று வாதாடாதீர்கள்.

போடிக்கு 2023 ஜூனில் மீண்டும் ரயில் வந்ததிலிருந்து சென்னை ஓர் இரவுப் பயணம்தான். கடந்த முறை அந்த ரயிலில் ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கு மணலில் கோடு கிழித்து இழுப்பு நீரோட்டத்தை விளக்கினேன். அந்த அண்ணனுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்றேன். நல்ல நீச்சல்காரர் என்பதால்தான் கடைசிவரை எதிர்த்து நீந்தியிருப்பார்.

கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இத அந்தப் பய போறதுக்கு முன்னாடி யாராச்சும் சொல்லியிருக்கலாமேடி."

மறுநாள் பள்ளிச் சுற்றுலாவுக்கு ராமேஸ்வரம் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பையனை அப்பத்தாவே கூப்பிட்டு உட்கார வைத்தார். மணலில் கோடு கிழித்தது இந்தமுறை நானல்ல.