தாய் கூட உழைக்கிற வீட்டிலே பிள்ளை பிறந்தால், லீவு யாருக்கு?



நம் தோட்டத்திலே பிறந்து படித்து, திருகோணமலை மாவட்டம் சம்பூரிலே வாழ்க்கைப்பட்டிருக்கிற ஒரு மகள் நமக்குக் கடிதம் போட்டிருந்தார். அவர் அரச பாடசாலை ஆசிரியை. கணவர் கடல்தொழில் செய்கிறார், கடல் இல்லாத நாளில் வயல் கூலிக்குப் போகிறார். மே மாதம் பிரசவம். “எனக்கு மாதச் சம்பளம் நிச்சயம். அவருக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சொந்தக்காரர் எல்லாரும் லீவு எவ்வளவு உண்டோ அவ்வளவையும் எடு என்கிறார்கள். நான் என்ன செய்ய?” என்று கேட்டிருந்தார். நம் லயங்களிலும் இதே கேள்வி இருக்கிறது. மனைவி கொழுந்திலே மேலதிக கிலோவும் எடுத்துப் புருஷனைவிடக் கூடச் சம்பளம் வாங்குகிற வீடுகள் நமக்குத் தெரியும். ஆகவே எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். தாயும் தகப்பனும் பங்கு போட்டு எடுக்கிற லீவு நம் நாட்டுச் சட்டத்திலே இல்லை. லீவு தாயின் பேரிலே மட்டும்தான். அரச உத்தியோகம் பார்க்கிற தகப்பனுக்கு 3 நாள் உண்டு. தோட்டத்து ஆண்களுக்கும் கடல்தொழிலாளிக்கும் சட்டத்திலே அதுவும் இல்லை. ஆகவே பங்கு போடுகிற வேலையைப் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் வீட்டிலே உட்கார்ந்து தாங்களே செய்ய வேண்டும். அதைப் பிள்ளை பிறந்த பிறகு செய்யப் போனால் முடியாது. தூக்கமில்லாத ராத்திரியில் யாருக்குக் கணக்கு வரும்?

ஆசிரியை மகளின் கணக்கைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி அரச உத்தியோகத்திலுள்ள தாய்க்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு லீவு. அதன்பிறகு விரும்பினால் 84 நாள் அரைச் சம்பளத்தோடு. அதற்கும் பிறகு இன்னும் 84 நாள் சம்பளம் இல்லாமல். சொந்தக்காரர் சொல்கிற “எல்லா லீவும்” என்பது இந்த மூன்றும் சேர்ந்தது. முதல் பகுதியைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அதை முழுசாக எடுக்க வேண்டும். சனி ஞாயிறு சேராதபடியால் அது கிட்டத்தட்ட நாலு மாதம் வரும். யோசிக்க வேண்டியது இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

கணக்கு சுலபமாக இருக்க அவர் சம்பளம் மாதம் 60,000 ரூபாய் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 2,000. கணவர் நல்ல கடலிலே மாதம் 15 நாள் போய் நாளுக்கு 2,000 கொண்டு வருகிறார் என்றால் மாதம் 30,000, சராசரி பார்த்தால் நாளுக்கு 1,000. அரைச் சம்பள லீவிலே தாய்க்கு நாளுக்கு 1,000 வீதம் 84 நாளில் 84,000 ரூபாய் குறைகிறது. அவர் வேலைக்குப் போய்க் கணவர் வீட்டிலே நின்றாலும் அதே 84,000தான் குறைகிறது. இரண்டும் சமன். சமன் என்றால் காசைத் தள்ளி வைத்து விட்டுப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்லுகிறார்களே, அந்த ஆறு மாதத்தை இந்த அரைச் சம்பள லீவு தாண்ட வைக்கிறது. ஆகவே அதைத் தாயே எடுக்கட்டும்.

மூன்றாவது 84 நாள் அப்படி இல்லை. தாய் நின்றால் நட்டம் 168,000. தகப்பன் நின்றால் 84,000. இங்கேதான் கை மாற்ற வேண்டும்.

அதிலும் சம்பூர்ப் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கிழக்குக் கடல் பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரைதான் தொழிலுக்கு வசதி. ஐப்பசி கழிந்து வாடைக்காற்று எழும்பினால் தை வரை கொட்டியாரக் குடாவும் வெளிக்கடலும் கொந்தளிப்புத்தான், சின்ன வள்ளங்கள் கரையிலே கிடக்கும். மே மாதம் பிள்ளை பிறந்து, இரண்டு கிழமைக்கு முன்னே லீவு தொடங்கினால், முழுச் சம்பள லீவு ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ முடியும். அரைச் சம்பளம் நவம்பர் கடைசி வரை போகும். அதுவரை கணவர் நல்ல கடலிலே உழைத்து நாலு காசு சேர்க்கலாம். தாய் பாடசாலைக்குத் திரும்புகிற டிசம்பரிலே அவருக்குக் கடல் இல்லை. அப்போது மாதம் 8 நாள் கூலி கிடைக்கும் என்று வைத்தாலும், வீட்டிலே நிற்பதால் 84 நாளில் அவர் இழப்பது 45,000க்கும் குறைவு. இதைவிடப் பொருத்தமான காலம் வராது. பிள்ளை வேறு மாதத்திலே பிறந்தால் கணக்கும் வேறாகும், ஆனால் கடலையும் வயலையும் பார்த்துத்தான் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சம்பளத்திலே வங்கிக் கடன் கழிகிறவர்கள் அரைச் சம்பளத்தில் கையிலே எவ்வளவு வரும் என்பதை லீவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். கடன்காரன் அரைத் தவணை வாங்க மாட்டான்.

“மனிசி உழைக்க நான் தொட்டில் ஆட்டவோ?” என்று சம்பூரிலும் கேட்பார்கள், நம் லயத்திலும் கேட்பார்கள். இதற்கு நமக்குப் பதில் உண்டு. 2006இலே அந்த ஊர்ச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முதலான முகாம்களில் வருஷக்கணக்காக இருந்து, 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பியது. வள்ளமும் வலையும் மாடும் போன பிறகு பூச்சியத்திலே தொடங்கிய ஆம்பிளைகள் அவர்கள். அப்படிப்பட்ட வீட்டிலே ஒரு நிச்சயமான சம்பளம் இருந்தால் அதை விழாமல் பிடிப்பது குடும்பத்தைப் பிடிப்பது. வெட்கப்பட இதிலே ஒன்றும் இல்லை. ஆனால் தகப்பன் கடைசி நாளிலே பழக முடியாது. லீவு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே குளிப்பாட்டவும், கூழ் ஊட்டவும், கறந்து வைத்த பாலைக் கொடுக்கவும் பழக வேண்டும். ஒன்பதாம் மாத ஊசிக்கு அட்டையை எடுத்துக்கொண்டு போகப் போகிறவர் அவர்தானே.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். கொழுந்து எடுக்கிற தாய்க்கு 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் சட்டம்தான் பாதுகாப்பு. பிரசவத்துக்கு முன் 2 கிழமையும் பின் 10 கிழமையுமாக 84 நாள். முன்னே மூன்றாவது பிள்ளை முதல் 42 நாள்தான் இருந்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84தான். இன்னும் 42 என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நம்மிடம் வாருங்கள். காசு சம்பளத்திலே ஏழில் ஆறு பங்கு, அதாவது 1,400 ரூபாய்க்கு 1,200. இதைப் பெற, அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய 12 மாதத்திலே அந்தத் தோட்டத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மசக்கையிலே பேர் குறைகிற பெண்கள் செக்ரோலிலே தங்கள் பேரை எண்ணிக்கொண்டே வர வேண்டும். பத்துப் பேர் குறைந்து போய் முழு நன்மையும் போனால் அழுது பிரயோசனம் இல்லை.

84 நாள் முடிந்தால் நமக்கு அரைச் சம்பளக் கட்டம் கிடையாது, நேரே மலைக்குத்தான் போக வேண்டும். அங்கே துணையாக இருப்பது பால் கொடுக்கிற இடைவேளை. பிள்ளைக்கு ஒரு வயசு ஆகும் வரை நாளுக்கு இரண்டு முறை உண்டு. பிள்ளைக் காம்பரா உள்ள இடத்திலே ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக் கூடாது, இல்லாத இடத்திலே ஒரு மணி. அது வேலை நேரம்தான், கொழுந்து குறைந்தது என்று யாரும் அரைப்பேர் போட முடியாது.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வேலை பெரும்பாலும் மத்தியானத்தோடு முடிகிறது. பெண்களோ பின்னேரக் கொழுந்து நிறுத்துப் போட்டுத்தான் இறங்குகிறார்கள். அப்படியானால் காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருவது யார் வேலை? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நிற்பது எப்போதும் தாய்தான் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கொழுந்து மலிந்த காலத்திலே அவர் நின்றால் பேரும் போகும், மேலதிக கிலோவும் போகும். நீங்கள் நின்றால் ஒரு பேர் மட்டும். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தால் 12 வீதமும் போகிறதே, கூடச் சம்பளம் வாங்குகிறவர் நின்றால் அதுவும் கூடக் குறையும். அன்றன்றைக்கு யாருக்கு நட்டம் குறைவோ அவர் நிற்கட்டும்.

லண்டனில் பிள்ளைகள் உள்ளவர்களும் நம்மிடம் விசாரிக்கிறார்கள். அங்கே 2015 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பங்கு லீவு சட்டத்திலேயே வந்துவிட்டது. பிரசவத்துக்குப் பின் 2 கிழமை, தொழிற்சாலை என்றால் 4 கிழமை, தாய் கட்டாயம் எடுக்க வேண்டும். மிச்சத்தில் 50 கிழமை வரை லீவையும் 37 கிழமை வரை காசையும் இருவரும் பிரிக்கலாம். ஆனால் முதல் 6 கிழமைக்கு மகப்பேற்றுக் காசாகத் தாய்க்கு அவர் சம்பளத்தில் 90 வீதம் கிடைக்கிறது. தாய் கூட உழைக்கிறவர் என்றால் அந்த ஆறு கிழமையையும் அவரே எடுத்து முடிக்க வேண்டும். அதன்பிறகு பெரும்பாலும் இருவருக்கும் ஒரே அளவான காசுதான், ஆகவே கூட உழைக்கிறவர் வேலைக்குத் திரும்புவது லாபம். வேலை கொடுப்பவருக்கு 8 கிழமைக்கு முன்னே எழுதிக் கொடுக்க வேண்டும். சுவீடனிலே 1974இலேயே தகப்பனுக்கும் இந்த லீவைத் திறந்து விட்டார்கள். இன்று 480 நாளிலே ஒவ்வொருவருக்கும் 90 நாள் மற்றவருக்கு மாற்ற முடியாதபடி ஒதுக்கி இருக்கிறது. அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் அங்கேயும் எல்லாம் தாய் தலையிலேதான் விழுந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

கர்ப்பம் உறுதியானவர்கள் கிளினிக் அட்டையையும் கடைசிச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். 150 நாள் எண்ணிக்கையையும், யார் எப்போது நிற்பது என்ற கணக்கையும் ஒரே தாளிலே எழுதித் தருகிறோம்.