நீரிழிவும் மசாலைச் சரக்குகளும்

வெந்தயம், மஞ்சள், இலவங்கப்பட்டை முதலியவற்றின் பொடிகள் நீரிழிவைப் போக்குமெனச் சந்தைதோறும் விற்கப்படுகின்றன. இவற்றை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடும் குடியானவர்களும் உளராதலால், இவற்றின் உண்மையான பலனை ஈண்டு விளக்குவோம்.

வெந்தயத்தில், நீரில் ஊறியதும் கொழகொழப்பாகும் நார்ச்சத்து மிகுந்துள்ளது. அது குடலில் உணவுடன் கலந்து, சர்க்கரை இரத்தத்திற் சேர்வதைத் தாமதப்படுத்துகின்றது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இப்பலன் தெளிவாகக் காணப்பட்டது. ஆனால் அவர்கள் உணவிற் சேர்த்த பொடி நாளொன்றுக்கு 100 கிராம்! உண்டவர்களோ இன்சுலின் இன்றி வாழ இயலாத வகையினர். குழம்பில் தாளிக்கும் ஒரு சிட்டிகையை இதனோடு ஒப்பிடலாகாது. மாத்திரை உண்போர் வெந்தயத்தையும் மிகுதியாக உண்டால், சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து, வியர்வையும் நடுக்கமும் காணலாம். ஆகவே டாக்டரிடம் சொல்லிவிட்டே உண்ணுதல் வேண்டும்.

இலவங்கப்பட்டை என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த கேசியாப் பட்டையே. அதிலுள்ள கூமரின் என்னும் பொருள் நாட்பட ஈரலைக் கெடுக்கக்கூடும். மெல்லிய ஏடுகளாகச் சுருண்ட இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம்.

இனி, பாதத்தில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் உண்டாகும் நரம்புக் கோளாறைப் பற்றி. இதற்கு உதவும் சரக்கு மிளகாயே என்றால் சிலர் வியக்கலாம். அதன் காரப்பொருளான காப்சைசின், தோலில் பட்டதும் முதலில் எரிச்சல் தந்து, பின்னர் வலியுணர்த்தும் நரம்பு நுனிகளை மரத்துப்போகச் செய்கின்றது. நூற்றுக்கு 8 பங்கு காப்சைசின் அடங்கிய ஒட்டுப்பட்டைக்கு 2020-ல் அமெரிக்காவில், நீரிழிவால் வரும் பாத நரம்பு வலிக்கென அனுமதி அளிக்கப்பட்டது. அதனை மருத்துவரே ஒட்டுவர். வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசுவது பேராபத்து. உணர்ச்சியற்ற காலில் தோல் வெந்து புண்ணானாலும் தெரியாது. மேலும் இச்சிகிச்சை வலியைத் தணிக்குமேயன்றி, இழந்த உணர்ச்சியை மீட்காது. மெட்பார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உண்பவர்க்கு பி12 வைட்டமின் குறைந்தும் இத்தகைய எரிச்சல் வரலாம். அதற்கு இரத்தப் பரிசோதனையே வழி.

வயலில் வெறுங்காலுடன் நடப்போர், மரத்த பாதத்தில் முள் தைத்ததை அறியாமல், புண் அழுகிக் காலையே இழக்க நேர்வதுண்டு. நீரிழிவுள்ளோர் செருப்பணிந்தே வயலுக்குச் செல்க. நாள்தோறும் மாலையில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்திற் பார்த்துக்கொள்க. கண்பார்வை குன்றியவர்க்கு வீட்டார் பார்த்துச் சொல்லலாம். புண் காணின், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவைக்குமாறு கிராம அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.