எல்லை வானில் எழுந்த விளக்குகள்

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நகருக்குச் செல்லும் நம்மவர் பலர் கோரமங்கலத்தைக் கடந்து போகிறோம். அங்குள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் நமது ராணுவத்தின் பெரும் ஐயம் ஒன்றைத் தீர்த்துவைத்தது.

2012-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், லடாக்கில் சீன எல்லையோரம் காவல் நின்ற படையினர் மலைமுகடுகளின்மேல் ஒளிகள் எழக் கண்டனர். வேவு விமானங்களோ என்று ஐயுற்று, முந்நூறு தடவைக்கு மேல் குறித்து வைத்தனர். 1962-இல் போர் மூண்ட எல்லை அது. விளக்கொன்றைத் தவறாகக் கணித்துச் சுட்டிருந்தால் என்ன விளைந்திருக்கும்!

விஞ்ஞானிகள் ஆராய்ந்து, அவை வியாழனும் வெள்ளியுமே என்று கண்டனர். 2013-இல் செய்தி வெளியாயிற்று. உயர்ந்த பீடபூமியில் காற்று மெல்லியது. கோள்கள் மிகப் பிரகாசமாய்த் தோன்றும். மேலும், வியாழன் அக்காலத்தில் நாளுக்கு நாள் சுமார் 4 நிமிஷம் முன்னதாக உதித்துவந்தது. வேவு விமானத்துக்கு அத்தகைய கால அட்டவணை ஏது? (ரயில்வேயில் பணிபுரியும் எமக்கே அவ்வொழுங்கு பொறாமையூட்டுகிறது.)

எல்லாப் புதிரும் இவ்விதம் அவிழ்வதில்லை. 2023 நவம்பர் 19-இல் இம்பால் விமான நிலையத்தருகே ஏதோ ஒன்று தென்படவே, விமானப் போக்குவரத்துச் சில மணி நேரம் தடைப்பட்டது. ரஃபேல் போர் விமானங்கள் தேடிச் சென்றன. விமானிகளின் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை.