நகரும் இயந்திரங்களும் நம்பகமான கம்பியில்லா இணைப்பும்

தொழிற்சாலைகளிலும் களஞ்சியசாலைகளிலும் தொழிலாளர் செய்துவந்த சுமை காவும் வேலையைத் தானியங்கி வண்டிகளும் பாரந்தூக்கிகளும் ரோபோக்களும் படிப்படியாகப் பொறுப்பேற்று வருகின்றன. ஓரிடத்தில் நிலையாக நிற்கும் இயந்திரத்துக்குக் கட்டளையைக் கம்பி வழியாக அனுப்பிவிடலாம். ஓடித்திரியும் இயந்திரத்துடன் பிணைத்த கம்பியோ ஓயாது வளைந்து தேய்ந்து அறுந்துபோகும். எனவே, கம்பியில்லா இணைப்பு தவிர்க்கமுடியாததாகின்றது. ஆயினும், அலுவலகத்தில் மடிக்கணினிக்குப் போதுமான இணைப்பு இங்கும் போதுமெனக் கருதுவது ஆபத்தானதாகும்.

மடிக்கணினியின் இணைப்பு அரைச் செக்கன் தடைப்பட்டால் எவரும் அதனை உணரப்போவதில்லை. செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் ஓடும் இயந்திரமோ அந்த அரைச் செக்கனில் 2 மீற்றர் தூரம் கட்டளையின்றி நகர்ந்துவிடும். இதனாலேயே, குறித்த நேரத்துக்குள் தகவல் வந்து சேராவிடின் தாமாகவே நின்றுவிடும் வகையில் இவ்வியந்திரங்கள் வடிவமைக்கப்படுகின்றன. இது அவசியமான ஏற்பாடே. ஆனால், இணைப்புக் கோளாறினால் நாளுக்குப் பல தடவைகள் இயந்திரம் நின்றால் உற்பத்தி குழம்பும். தொல்லை தாங்காது அந்தக் கால எல்லையை நீட்டிவிடவோ, பாதுகாப்பு ஏற்பாட்டையே முடக்கிவிடவோ நிர்வாகத்துக்கு எண்ணம் தோன்றும். அதனால் உயிராபத்தை எதிர்நோக்குபவர் அருகில் வேலைசெய்யும் தொழிலாளியே.

இணைப்புத் தடைப்படுவதற்குப் பிரதான காரணங்கள் மூன்று உள்ளன. முதலாவது, அலைத்தெறிப்பு. இரும்பு அடுக்குகளிலும் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் வானொலி அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடக்கூடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர் மட்டுமே. ஆகையால், இயந்திரம் சில சென்ரிமீற்றர் நகர்ந்ததுமே வலுவான சமிக்ஞை நலிந்துவிடலாம். இரண்டாவது, ஒரு நிலையத்தின் எல்லையிலிருந்து அடுத்ததன் எல்லைக்குள் செல்லும்போது ஏற்படும் இடைவெளி. இதனைக் குறைப்பதற்கென 2008 ஆம் ஆண்டில் 802.11ஆர் என்ற வைஃபை நியமம் வெளியிடப்பட்டது. இயந்திரத்திலுள்ள கருவியும் நிலையமும் ஆகிய இரண்டுமே அதனை ஏற்பனவாக இருந்தாலன்றிப் பயனில்லை. மூன்றாவது, நெரிசல். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைப் புளூடூத் கருவிகளும் நுண்ணலை அடுப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன. வைஃபை கருவி பொதுவாக அலைவரிசை ஓயும்வரை காத்திருந்தே பேசுவதால், தகவல் எப்போது போய்ச்சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பிரித்தானியாவின் ஒகாடோ நிறுவனம் அன்டோவர் களஞ்சியசாலைக்கு மேற்கொண்ட தெரிவு இங்கு நோக்கத்தக்கது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ரோபோக்களுடன் செக்கனுக்கு 10 தடவைகள் தொடர்புகொள்ள வேண்டியிருந்தமையால், அந்நிறுவனம் வழமையான வைஃபையை விடுத்து, 4ஜி தொழில்நுட்பத்தை உரிமம் தேவையற்ற 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது. 4ஜி முறையில் யார், எப்போது பேசவேண்டும் என்பதை நிலையமே ஒதுக்கிக்கொடுப்பதால் கருவிகள் தமக்குள் முட்டிமோத வேண்டியதில்லை.

ஆகவே, தெரிவு செய்பவர் விளம்பரத்திலுள்ள வேகத்தைப் பார்க்காது, தமது இயந்திரம் எவ்வளவு தாமதத்தைத் தாங்கும் என்பதிலிருந்தே தொடங்கவேண்டும். தண்டவாளத்தில் ஓடும் இயந்திரமாயின், பாதை நெடுகிலும் அலைகளைக் கசியவிடும் கேபிளைப் பொருத்துவது சிறந்தது. சமிக்ஞை எங்கும் ஏறத்தாழச் சமமாகவே கிடைக்கும். விரும்பிய திசையில் ஓடும் வண்டிகள் சிலவெனில், நன்கு திட்டமிட்ட 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை போதுமானது. ஒரே தகவலை இரு வேறு அலைவரிசைகளில் அனுப்புவது மேலதிக காப்பாகும். பெருந்தொகையான வண்டிகளுக்குத் தனியார் 4ஜி அல்லது 5ஜி வலையமைப்புப் பொருந்தும். ஜேர்மனி 2019 ஆம் ஆண்டிலிருந்து 3.7 முதல் 3.8 கிகாஹேர்ட்ஸ் வரையான பகுதியை நிறுவனங்கள் தமது வளாகத்துக்குள் பயன்படுத்த ஒதுக்கி வருகின்றது. எமது நாட்டில் இத்தகைய உரிமங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்குட்பட்டவை.

எதனைத் தெரிந்தாலும், வெறுமையான மண்டபத்தில் நடத்தும் பரிசோதனை பயனற்றது. அடுக்குகளில் பொருட்கள் நிறைந்திருக்க, எல்லா இயந்திரங்களும் முழு வேகத்தில் ஓடும்போதே அளவிட வேண்டும். சராசரித் தாமதத்தை விட, ஆகக்கூடிய தாமதமே முக்கியமானது. அத்துடன், இயந்திரத்தின் மீதுள்ள அவசர நிறுத்தப் பொத்தான் எந்த வலையமைப்பின் தயவுமின்றி இயங்கவேண்டும். இணைப்பு அறுந்தாலும் தொழிலாளியின் உயிர் காக்கப்படுவதே எந்தத் தெரிவுக்கும் முதல் நிபந்தனையாக அமையவேண்டும்.