ஒரே சொல், ரெண்டு உண்மை: ரூட்டர்கள் பேசும் மொழியில் நடந்த சொல் சண்டை

இந்த எபிசோடு ஒரு சொல் சண்டையைப் பத்தினது. அதுக்கு முன்னாடி முட்டை.

நாமக்கல்ல முட்டைக்கு ரெண்டு விலை உண்டு. 1982-ல தொடங்கின தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதான் என்.இ.சி.சி., நாமக்கல் மண்டலத்துக்குன்னு ஒரு விலையை அறிவிக்கும். நியூஸ்ல வர்றது அதுதான். ஆனா பண்ணை வாசல்ல வியாபாரிங்க அதுல இருந்து சில காசுகளைக் குறைச்சு வாங்கின காலம் நிறைய. அந்தக் குறைப்புக்கு 'மைனஸ்'னே பேரு. பண்ணைக்காரங்களுக்கு இது பழைய மனக்குறை. அறிவிச்சது ஒண்ணு, கைக்கு வந்தது ஒண்ணு. ரெண்டையும் நோட்டுல வெறும் 'விலை'ன்னு எழுதினா கணக்கு உதைக்கும், இல்லையா?

நெட்வொர்க் கருவிகளுக்கும் இதே சிக்கல்தான். தமிழ்நாட்டுல 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோற பாரத்நெட் வேலையை டான்ஃபிநெட் நிறுவனம் பார்க்குது. ஒரு பேச்சுக்கு, ராசிபுரம் பக்கம் ஒரு ஊராட்சி ஆபீஸ்ல இருக்கிற பெட்டியை எடுத்துக்குவோம். இன்ஜினியர் அதோட போர்ட்டை 'ஆன்' பண்ணி வெச்சிருக்கார். ரோடு போட வந்த ஜே.சி.பி. கேபிளை அறுத்துடுச்சு. இப்ப போர்ட் ஆன்ல இருக்கா, இல்லையா? ரெண்டு பதிலும் சரி!

1991-லயே இதுக்கு விடை இருந்துச்சு. எம்.ஐ.பி.-2 தரநிலையில அட்மின் ஸ்டேட்டஸ், ஆப்பர் ஸ்டேட்டஸ்னு ரெண்டு தனிப் பேர். நாம வெச்சது முதலாவது, நிஜத்துல நடக்கிறது ரெண்டாவது. ஆனா ஆன்-ஆஃப் மட்டுமா? ஐ.பி. முகவரி, வேகம், பாக்கெட் அளவுன்னு எல்லாத்துக்கும் இந்த ரெட்டை நிலை உண்டே.

2010-ல ஐ.இ.டி.எஃப். அமைப்பு 'யாங்' மொழியை வெளியிட்டுச்சு. ஒரு கருவியில எதை மாத்தலாம், எதைப் பார்க்க மட்டும் முடியும்னு எழுதி வைக்கிற மொழி அது. 2014-ல வந்த இன்டர்ஃபேஸ் மாடல் (ஆர்.எஃப்.சி. 7223) ரெண்டு தனி மரங்களா பிரிஞ்சுது: 'இன்டர்ஃபேசஸ்'ல நாம வெச்சது, 'இன்டர்ஃபேசஸ்-ஸ்டேட்'ல நடக்கிறது. கூகுள் மாதிரி பெரிய நெட்வொர்க் நடத்துறவங்க சேர்ந்து உருவாக்கின ஓப்பன்கான்ஃபிக் வேற வழியில போச்சு. ஒவ்வொரு அம்சத்துக்குள்ளயும் 'கான்ஃபிக்', 'ஸ்டேட்'னு ரெண்டு டப்பா.

இங்கதான் சண்டை. 'ஆப்பரேஷனல் ஸ்டேட்'னு சொன்னா, எத்தனை பாக்கெட் போச்சுங்கிற எண்ணிக்கை மாதிரி கருவி தானா சொல்ற தகவல் மட்டும்தானா? இல்ல, நாம வெச்ச செட்டிங்ல இப்ப நிஜமா அமலுக்கு வந்ததும் அதுல சேருமா? 2015-ல ஓப்பன்கான்ஃபிக் தரப்பு மூணு சொல்லா உடைச்சுச்சு: இன்டெண்டட், அப்ளைடு, டெரைவ்டு. கேட்டது, அமலானது, அதனால விளைஞ்சது.

வெட்டி வேலைன்னு தோணலாம். எனக்கு அப்படித் தோணல. மனுஷன் திரையைப் பார்த்தா ஊகிச்சுக்குவான். ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் ஊகிக்காது. கேட்டதையும் அமலானதையும் ஒப்பிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்கும். 'ஸ்டேட்'ங்கிற சொல்லை ஒரு கம்பெனி ஒரு மாதிரியும் இன்னொரு கம்பெனி வேற மாதிரியும் புரிஞ்சுக்கிட்டா, அறுந்த லைன் நல்லா ஓடுதுன்னு அந்த ஸ்கிரிப்ட் நம்பிடும்.

2018 மார்ச்ல ஆர்.எஃப்.சி. 8342 வந்துச்சு. மரத்தை ரெண்டாக்க வேண்டாம், ஒரே மாடலை வெவ்வேறு கிடங்குல வெச்சுப் பார்ப்போம்னு முடிவு. 'இன்டெண்டட்' கிடங்குல கருவி அமலாக்கப் பார்க்கிற செட்டிங் இருக்கும். 'ஆப்பரேஷனல்' கிடங்குல நிஜமா பயன்பாட்டுல இருக்கிறது எல்லாமே இருக்கும், அமலான செட்டிங் உட்பட. இன்னும் செருகாத ஒரு கார்டுக்கு முன்கூட்டியே செட்டிங் போட்டா, அது முதல் கிடங்குல தெரியும், ரெண்டாவதுல தெரியாது.

எனக்குப் பிடிச்சது 'ஆரிஜின்'ங்கிற சின்னக் குறிப்பு. ஒரு மதிப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு அது சொல்லும். டி.எச்.சி.பி. கொடுத்த ஐ.பி. முகவரின்னா 'லேர்ன்டு'. யாரும் எதுவும் வெக்காம மாடல்ல இருக்கிற மதிப்பே ஓடுதுன்னா 'டிஃபால்ட்'. முட்டை நோட்டுல 'இது போர்டு விலை, இது மைனஸ் போக வந்தது'ன்னு ஓரத்துல எழுதற மாதிரி.

அதே மாசம் வந்த ஆர்.எஃப்.சி. 8343, 'இன்டர்ஃபேசஸ்-ஸ்டேட்' மரத்துக்கு விடை கொடுத்துச்சு. நாலு வருஷம் முன்னாடி எழுதினதை மறுபடி எழுத வேண்டியதாச்சு. ஓப்பன்கான்ஃபிக் மட்டும் தன்னோட ரெண்டு டப்பாவை விடல. அதனால ஐ.இ.டி.எஃப். மாடல், ஓப்பன்கான்ஃபிக் மாடல் ரெண்டையும் புரிஞ்சுக்கிற ரூட்டர்கள் இன்னிக்கும் இருக்கு. ஒண்ணை இன்னொண்ணா மாத்துற கோடு எழுத ஆளும் தேவைப்படுது.