நகத்தை வெட்டாமல் பேஸ் கிற்றார் வாசிக்கலாமா?

கிற்றார் பழகும் பெண்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வியைத்தான் தலைப்பாக இட்டிருக்கிறேன். இது அழகுக்காக நகம் வளர்ப்பவர்களின் கேள்வி அல்ல. எனக்கு இது சோற்றுப் பிரச்சினை. சனிக்கிழமைகளில் லக்கலயிலிருந்து மாத்தளைக்குப் பஸ் ஏறிப்போய்ப் பிள்ளைகளுக்கு நைலோன் தந்திக் கிற்றார் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்கு வலது கையில் நகம் வேண்டும். கலியாண காலம் வந்தால் எங்கள் ஊர் இசைக்குழுவில் பேஸ் வாசிக்கிறேன். அதற்கு நகம் இடைஞ்சல். ஒன்றை விட்டால் வீட்டில் பாதி அடுப்புத்தான் எரியும்.

1990 இல் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. கோயில் பாடகர் குழுவில் பழகிய கிற்றார் மட்டும் என்னோடு கூடவே வந்தது. பின்னர் மிளகுத் தோட்ட வேலைக்காக லக்கலக்கு வந்தேன். இங்குள்ள சிங்களச் சகோதரிகளுக்கும் ஊரை விட்டுப் போவது என்றால் என்னவென்று தெரியும். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரும் வயல்களும் தண்ணீருக்குள் போயின. 2018 இல் புதிய நகரம் திறக்கப்பட்டது. குழுவில் பேஸ் வாசித்த தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போனபோது அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

முதல் ஒத்திகையிலேயே குழுவை நடத்தும் மல்லி நிறுத்திவிட்டார். "அக்கே, பாட்டுக்குள்ள டக் டக் எண்டு என்ன சத்தம்?" என்றார். நகம் கம்பியில் படும் சத்தம்! அம்பிளிபயர் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது.

நகமா, சதையா என்பது இருநூறு வருட வழக்கு. ஸ்பெயின் நாட்டுக் கிற்றார் மேதை பெர்னாண்டோ சோர் விரற்சதையால் வாசித்தார். அவருடைய நண்பர் டியோனிசியோ அகுவாடோ நகத்தால் வாசித்தார். இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கவென்றே சோர் ஓர் இசையை எழுதினார் என்றால் பாருங்கள், கருத்து வேறுபட்டாலும் நட்பு கெடவில்லை. பின்னால் வந்த தாரேகா கடைசிக் காலத்தில் நகத்தைக் கைவிட்டார். செகோவியாவோ சதை முதலில் பட்டு நகத்தில் முடியும்படி இரண்டையும் சேர்த்தார். இன்று பெரும்பாலோர் போவது அவர் வழியில்தான். நமது வீணையிலும் இதே கதை உண்டு: சிலர் நகத்தால் மீட்டுகிறார்கள், சிலர் விரலில் கம்பி மீட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

நைலோன் தந்திக்கு நகம் ஏன் வேண்டும்? அந்தக் கிற்றாரில் மின்சாரம் இல்லை. மரப்பெட்டிதான் ஒலியைப் பெருக்க வேண்டும். நகம் பட்டால்தான் மெல்லிய தந்தியின் குரல் தெளிவாகக் கடைசி வாங்குவரை கேட்கும். பேஸில் அந்தத் தேவை இல்லை. கம்பியின் அசைவைக் காந்தம் பிடித்து அம்பிளிபயருக்கு அனுப்புகிறது. 1951 இல் லியோ பெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் பேஸ் இந்த வகைதான். அதன் கம்பி ஏறக்குறைய 86 சென்ரிமீற்றர் நீளம். நைலோன் கிற்றாரில் 65. மிகத் தாழ்ந்த கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது, சாதாரணக் கிற்றாரின் தாழ்ந்த தந்தியில் சரிபாதி. இவ்வளவு தடித்த கம்பிக்குச் சதையே போதும், சதையே நல்லது.

அப்படியானால் படித்த வித்தை வீணா? இல்லை. கிற்றாரில் விரல் ஒரு தந்தியை மீட்டிவிட்டு அடுத்த தந்தியில் போய்த் தங்கும் அடி ஒன்று உண்டு, அபொயாண்டோ என்பார்கள். பேஸ் வாசிப்பு முக்கால்வாசி அதுதான். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கும் பழக்கமும் அப்படியே உதவும். மாற்ற வேண்டியது கையின் சாய்வு. நைலோன் கிற்றாரில் மணிக்கட்டை வளைத்து உயர்த்துவோம், விரல் நுனி தந்தியைத் தொடும். பேஸில் மணிக்கட்டைத் தாழ்த்தி நேராக்குங்கள். விரலின் கடைசி மூட்டைக் கொஞ்சம் தளரவிட்டு, நுனியால் அல்லாமல் அதற்குக் கீழுள்ள பஞ்சுபோன்ற சதையால் கம்பியை இழுங்கள். கிள்ள வேண்டாம், தடவி இழுப்பது போல. எனக்கு இது கைக்கு வர மூன்று மாதம் சென்றது.

நகத்தின் அளவும் முக்கியம். உள்ளங்கைப் பக்கமிருந்து விரலைப் பார்த்தால் நகம் ஒரு மில்லிமீற்றர் தெரியட்டும். அந்த அளவில் நைலோன் தந்தியும் பேசும், பேஸிலும் டக் சத்தம் வராது. மூன்று மில்லிமீற்றர் வளர்த்தால் எந்தச் சாய்விலும் தப்ப முடியாது. பெருவிரல் நகத்தை மட்டும் வழக்கம்போல விடுங்கள். பேஸில் பெருவிரல் காந்தத்தின் மேலோ தடித்த கம்பியின் மேலோ சாய்ந்து நிற்கிறது, வேண்டாத அதிர்வை அடக்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது கம்பி. சாதாரண பேஸ் கம்பியில் வட்டமான மெல்லிய கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். அது அரம்தான். பைலாவின் ஓடும் தாளத்தில் ஓர் இரவு வாசித்தால் நக ஓரம் பல்லுப்பல்லாகிவிடும். தட்டையான நாடா சுற்றிய கம்பி வழுவழுப்பானது. விலை கூடத்தான், ஆனால் நெடுங்காலம் உழைக்கும். அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த வகைக் கம்பியைத்தான் போட்டிருந்தார். லேசில் மாற்றவும் மாட்டார். மோடவுன் பாடல்களை அவர் வாசித்தது ஒற்றைச் சுட்டுவிரலால் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு விரல் ஓடவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்காக.

பெண்ணுக்கு இது சரிவருமா என்று கேட்பவர்களும் உண்டு. கரோல் கே என்ற அமெரிக்கப் பெண் 1960களில் எண்ணற்ற ஒலிப்பதிவுகளுக்கு பேஸ் வாசித்தார். அவர் மீட்டியது விரலாலும் அல்ல, பிளெக்ட்ரத்தால். மும்பையின் மோகினி டே ஏ.ஆர். ரஹ்மானுடன் வாசித்துப் பெயரெடுத்தவர். கேட்பவர்களிடம் இந்த இரண்டு பெயரைச் சொல்லுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு நகத்தின் பெரிய எதிரி கம்பிகூட அல்ல, வீட்டு வேலை. உடுப்புத் தோய்த்து, சட்டி கழுவி, மிளகு ஆய்ந்த கையில் நகம் ஊறி மெதுவாகிவிடும். அந்த நேரத்தில் வாசித்தால் கிழியும். கை நன்றாகக் காய்ந்த பிறகு வாத்தியத்தை எடுங்கள். நகவெட்டியால் வெட்டாமல் நுண்ணிய மணற்கடதாசியால் ஒரே திசையில் தேயுங்கள். இரவில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர்தான் வளரும் என்பதால், முறிந்தால் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். வகுப்புக்கு முதல்நாள் முறிந்தால் பிங்பொங் பந்தில் நக வடிவில் சிறு துண்டு வெட்டி, நகத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் கிற்றார்க்காரர்களிடம் உண்டு. என் பையில் எப்போதும் ஒரு உடைந்த பந்து கிடக்கிறது. பிள்ளைகள் அதை விளையாடக் கேட்டால் கொடுப்பதில்லை.